988 கால்களும் உள்ளே இறங்கின

பழைய லேப்டாப்பின் பிராசசரை நானே ஐ5 ஆக மாற்றியபின், அது முதல் முறை நின்றபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய பேட்டரி, ஏதோ தகராறு என்று நினைத்துத் திரும்ப இயக்கினேன். வந்தது. மகனைக் கூப்பிட்டு, "பார், ஐ5 என்று காட்டுகிறது" என்று திரையைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். தேநீர் குடித்துவிட்டு வந்து ஒரு புத்தகக் கோப்பைத் திறந்து நாலு பக்கம் சரிசெய்திருப்பேன், மறுபடியும் திரை கறுத்தது. எச்சரிக்கை இல்லை, நீலத்திரை இல்லை. பின்னால் யாரோ வந்து சுவிட்சை அணைத்ததுபோலப் பொட்டென்று நின்றது.

இது 2019இல் நடந்தது. வீட்டிலிருந்தபடியே புத்தகப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். லேப்டாப் 2013இல் வாங்கியது. உள்ளே பென்டியம் 2020எம் என்ற பிராசசர் (கணினியின் மூளையான சில்லு), 4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க். முந்நூறு பக்கக் கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வரலாம். புதிது வாங்கப் பணம் இல்லாத மாதம் அது. பிராசசர்தான் மெதுவாக இருக்கிறது, அதை மட்டும் மாற்றிவிடலாம் என்று நானே விசாரித்து நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். அந்தத் தீர்ப்பே தவறு என்பது பிறகு தெரிந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டு போய் வாங்கியவன் அல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஓரளவு விசாரித்துவிட்டுத்தான் போனேன். அந்த ஓரளவுதான் என்னைக் கவிழ்த்தது.

முதலில் பார்த்தது சாக்கெட், அதாவது பிராசசர் உட்காரும் இடம். லேப்டாப் பிராசசர்களில் கழற்றி மாட்டக்கூடியவை உண்டு, மதர்போர்டிலேயே (சுருக்கமாகப் போர்டு) ஈயம் வைத்துப் பற்றவைத்தவை உண்டு. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளின் முதல் பக்கத்தில் 'பேக்கேஜ்' என்ற வரி இருக்கும். அதில் 'சாக்கெட் 988பி' என்று வந்தது. இன்டெல் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளின் கழற்றக்கூடிய லேப்டாப் பிராசசர்கள் எல்லாம் ஜி2 என்றும் பெயருள்ள இந்தச் சாக்கெட்டில் உட்காருபவை, 988 கால்கள் கொண்டவை. முதல் தலைமுறையின் ஜி1 சாக்கெட்டும் 988தான். ஆனால் கால்களின் அமைப்பு வேறு. ஒன்றில் உள்ளது மற்றொன்றில் இறங்காது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. நான் அந்த இடத்தில் ஏமாறவில்லை.

அடுத்தது வாட், அதாவது பிராசசர் எவ்வளவு மின்சாரம் எடுத்து எவ்வளவு சூடு விடும் என்பது. பென்டியம் 2020எம் 35 வாட். நான் குறிவைத்த ஐ5-3210எம் என்பதும் 35 வாட். ஆக ஹீட் சிங்க்கும் (சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகப் பாகம்) சார்ஜரும் மாற்ற வேண்டியதில்லை. நண்பர் ஒருவர், "போடுவதே போடுகிறாய், நான்கு கோர் உள்ள ஐ7-3630கியூஎம் போடேன்" என்றார். அது 45 வாட். 35 வாட்டுக்கு வார்த்த ஒற்றைச் செம்புக்குழாய் அந்தச் சூட்டைச் சுமக்காது. சூடானதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கொடுத்த காசு காற்றாகப் போகும். அவரிடம் இதை ஆசிரியர்போல விளக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைக்க இப்போது கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

மூன்றாவது, தலைமுறை. பழையது, புதியது இரண்டும் ஐவி பிரிட்ஜ், அதாவது மூன்றாம் தலைமுறைக் குடும்பம். தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டை இறக்கிப் பார்த்தேன். என் மாடலுக்கான பிராசசர் பட்டியலில் செலரான், பென்டியம், ஐ3 எல்லாம் இருந்தன. அவற்றோடு ஐ5-3210எம் என்பதும் இருந்தது. அந்த அட்டவணையைப் பார்த்ததும் கையேட்டை மூடிவிட்டேன். இன்னும் பத்துப் பக்கம் தள்ளியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் தோளில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. பழைய லேப்டாப் பாகங்கள் விற்கும் ஒரு மாடிக் கடையில், மாத்திரை அட்டைபோன்ற பிளாஸ்டிக் தட்டுகளில் பிராசசர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுக்குமுன் கேட்டார்: "என்ன போர்டு சார்?"

லேப்டாப் மாடலைச் சொன்னேன்.

"மாடல் இல்லை சார், போர்டு."

"இதே மாடலில் ஐ5 வந்திருக்கிறது, கையேட்டில் பார்த்துவிட்டேன்" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு 1,800 ரூபாய்க்குப் பொட்டலம் கட்டினார். கழற்றிய பாகத்துக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளும் பேச்சு கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தார். சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தான். தவறான பதிலைச் சொன்னவன் நான்.

மாட்டுகிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம், ஏனென்றால் அது மட்டும் ஒழுங்காக நடந்தது. பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்தேன். அடிமூடி, மின்விசிறி, பிறகு ஹீட் சிங்க். அதன் நான்கு திருகுகளின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பொறித்திருக்கும். கழற்றும்போது தலைகீழாகவும் மாட்டும்போது வரிசையாகவும் போக வேண்டும். மேசைக் கணினியின் பிராசசருக்கு மேலே உலோக மூடி உண்டு. லேப்டாப் பிராசசருக்கு அது இல்லை. பச்சைத் தகட்டின் நடுவே கண்ணாடிபோல மின்னும் சிறு செவ்வகம், அதுதான் சிலிக்கான். அதன்மேல் ஹீட் சிங்க் நேரடியாக உட்காருகிறது. ஒரு மூலையை மட்டும் இறுக்கினால் எதிர்மூலை விளிம்பு தெறித்துவிடும். அதற்காகத்தான் அந்த எண்கள்.

சாக்கெட்டின் ஓரத்தில் தட்டைத் தலையுள்ள ஒரு திருகு இருக்கிறது. அதை அரைச்சுற்றுத் திருப்பினால் பூட்டு விடும். பழைய பிராசசரை நகத்தால் நெம்பாமல் நேராகத் தூக்கிவிடலாம். புதியதன் மூலையில் ஒரு குட்டி முக்கோணம், சாக்கெட்டிலும் அதே முக்கோணம். இரண்டையும் ஒரே பக்கம் வைத்து விட்டால் தன் எடையிலேயே உள்ளே போகும். அழுத்த வேண்டியிருந்தால் எங்கோ கால் வளைந்திருக்கிறது என்று பொருள், உடனே நிறுத்திவிட வேண்டும். எனக்கு அப்படி எதுவும் இல்லை. 988 கால்களும் சத்தமில்லாமல் உள்ளே இறங்கின. சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, அரிசி அளவுக்குப் புதிய தெர்மல் பேஸ்ட் வைத்து மூடினேன். முதல் முயற்சியிலேயே விண்டோஸ் வந்தது.

அப்புறம்தான் அந்த நின்றுபோகும் கதை.

சூடு என்றே முதலில் நினைத்தேன். பேஸ்ட் சரியாகப் பரவவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் மறுபடி பிரித்து மறுபடி பூசினேன். நின்றது. வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசியாகப் பார்த்த எண் 61 டிகிரி. லேப்டாப் பிராசசருக்கு அது வெறும் காய்ச்சல்கூட இல்லை. சார்ஜரை மாற்றினேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். ராமை ஒன்றொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 'கெர்னல் பவர் 41' என்ற ஒரே வரி. ஒழுங்காக அணைக்கப்படாமல் நின்றது என்று அதற்கு அர்த்தம். அது எனக்கே தெரியும்.

இரண்டு நாள் இப்படிப் போனபின் மகன்தான் கண்டுபிடித்தான். அவன் செய்தது ஒன்றே ஒன்று: கைபேசியில் நேரத்தை அளந்தான். மூன்று முறை அளந்துவிட்டு வந்து, "அப்பா, ஒவ்வொரு முறையும் சரியாக முப்பது நிமிடம்" என்றான்.

விண்டோஸின் குற்றமா என்று பார்க்க, யூஎஸ்பியிலிருந்து லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை இயக்கி, எந்த வேலையும் கொடுக்காமல் சும்மா விட்டுப் பார்த்தோம். முப்பது நிமிடம். சூடு கடிகாரம் பார்த்து வராது. தளர்ந்த இணைப்பும் அப்படித்தான். நேரம் பார்த்து நிற்கிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது.

கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'சிஸ்டம் டிவைசஸ்' பிரிவை விரித்தேன். 'எச்எம்70 எக்ஸ்பிரஸ் சிப்செட்' என்று ஒரு வரி இருந்தது. இத்தனை நாள் அந்தப் பட்டியலை நான் விரித்ததே இல்லை. சிப்செட் என்பது பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும், போர்டில் பதிந்த சில்லு. எச்எம்70 என்பது விலை குறைந்த லேப்டாப்புகளுக்காக 2012இல் வந்த சிப்செட். செலரான், பென்டியம் பிராசசர்களுக்கு மட்டுமானது. அதில் ஐ3, ஐ5, ஐ7 எதைப் போட்டாலும் கணினி இயங்கத் தொடங்கும், திரையில் பெயர் சரியாகக் காட்டும், முப்பது நிமிடம் ஆனதும் அணைந்துவிடும். சிப்செட்டுக்குள் இருக்கும் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற கண்காணிப்பாளரின் வேலை அது. பழுது இல்லை, வரையறையே அப்படி. பேஸ்ட் பூசியும் விண்டோஸை மாற்றியும் அதைத் தாண்ட முடியாது.

அப்படியானால் கையேட்டில் ஐ5 எப்படி வந்தது? திரும்பத் திறந்தேன். பத்துப் பக்கம் தள்ளி, மதர்போர்டு பகுதியில் தெளிவாகவே இருந்தது. என் மாடலுக்கு இரண்டு போர்டுகள். ஐ3, ஐ5 உள்ள லேப்டாப்புகளுக்கு எச்எம்76 போர்டு. பென்டியம், செலரான் உள்ளவற்றுக்கு எச்எம்70 போர்டு. வெளியே ஒரே பெயர், ஒரே உடல், ஒரே விசைப்பலகை. கடைக்காரர் "மாடல் இல்லை, போர்டு" என்றது இதைத்தான். அவர் எத்தனை பேரிடம் இதே கேள்வியைக் கேட்டு இதே பதிலை வாங்கியிருப்பாரோ!

பென்டியத்தைத் திரும்ப மாட்டினேன். முப்பது நிமிடம் தாண்டியது, ஒரு மணி நேரம் தாண்டியது. மகனும் நானும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது வீட்டில் இன்றும் கேலிக்குரிய விஷயம்.

கையில் 1,800 ரூபாய் ஐ5 மிச்சம். அதற்கு வேறு இடம் தேடத் தொடங்கினேன். வரன் பார்ப்பதுபோல வீடு வீடாக அலைந்ததில் முன்பு படித்ததைவிட அதிகம் தெரிந்துகொண்டேன்.

முதல் வீடு மைத்துனருடையது. அவருடைய லேப்டாப்பில் ஐ3-2310எம், இரண்டாம் தலைமுறை, சிப்செட் எச்எம்65. சாக்கெட் அதே ஜி2 என்பதால் என் ஐ5 தாராளமாக உட்காரும். இந்த முறை நான் ஸ்க்ரூடிரைவரைத் தொடவில்லை. பிராசசரை முதலில் அடையாளம் காண வேண்டியது பயாஸ், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே பதிந்த மென்பொருள். அந்தப் பிராசசருக்கான மைக்ரோகோடு என்ற உள்நிரல் பயாஸில் இல்லையென்றால் மின்விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் பயாஸ் வெளியீட்டுக் குறிப்புகளை முதல் பதிப்பிலிருந்து கடைசிவரை படித்தேன். மூன்றாம் தலைமுறை பற்றி ஒரு வரிகூட இல்லை. "வேண்டாம் மாமா" என்றேன். "போட்டுத்தான் பாரேன்" என்றார் அவர். நான் போட்டுப் பார்க்கிற காலத்தைத் தாண்டியிருந்தேன்.

இரண்டாவது, பக்கத்து வீட்டுப் பெண்ணின் மெல்லிய லேப்டாப். ஐ3-3217யு. கடைசி எழுத்தைப் பார்த்ததுமே முடிந்துவிட்டது. மூன்றாம் தலைமுறையில் 'யு' என்றால் 17 வாட் ரகம், போர்டோடு பற்றவைத்தது. கழற்றவே முடியாது. இந்தக் கடைசி எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி விசாரணை மிச்சம். இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் எம், கியூஎம் என்று முடிபவை சாக்கெட்டில் உட்காரும் வடிவில் கிடைக்கும். நான்காம் தலைமுறையில் எம், எம்கியூ சாக்கெட்டுக்கானவை, எச்கியூ பற்றவைத்தவை. அதன் சாக்கெட்டும் ஜி3 என்ற வேறொன்று. ஐந்தாம் தலைமுறையிலிருந்து இன்டெல்லின் லேப்டாப் பிராசசர்கள் எல்லாமே போர்டோடு ஒட்டியவை. மேசைக் கணினியின் பிராசசரையே உள்ளே வைத்த சில தடித்த கேமிங் லேப்டாப்புகள் மட்டும் விதிவிலக்கு. அதனால் 2015க்குப் பிறகு வாங்கிய சாதாரண லேப்டாப்பை வைத்துக்கொண்டு யாராவது பிராசசர் மாற்றலாமா என்று கேட்டால் அவர்களுடைய நேரத்தை வீணாக்காமல் ராமைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறேன்.

எம் என்று முடிந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. என் ஐ5-3210எம் என்ற அதே பெயரில் பற்றவைக்கும் வடிவமும் வந்திருக்கிறது. இணையத்தில் வாங்குகிறவர்கள் பெயரை மட்டும் பார்க்காமல் அடிப்பக்கத்துப் படத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பொன்னிறக் கால்கள் நின்றால் சாக்கெட்டுக்கு. சின்னச் சின்ன ஈயக் குண்டுகள் இருந்தால் நமக்கு அல்ல. மேலே பொறித்திருக்கும் குறியையும் பாருங்கள்: என் பிராசசரின் தலைமுறையில் கடைக்கு வந்த சரக்கில் அது 'எஸ்ஆர்' என்று தொடங்கும். 'கியூ' என்று தொடங்கினால் சோதனைக்காக வெளியான மாதிரி. சில பயாஸ்கள் அதை ஏற்காது. வழக்கத்தைவிட மலிவாகக் கிடைத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது வீட்டில் கூடிவந்தது. அச்சகத்து நண்பரின் லேப்டாப், ஐ3-3110எம். நான் முதலில் திறந்தது டிவைஸ் மேனேஜர்: எச்எம்76. சிபியு-இசட்டின் 'மெயின்போர்டு' பக்கத்திலும் 'சவுத்பிரிட்ஜ்' என்ற வரியில் அதே பெயர். கையேட்டில் பிராசசர் அட்டவணையோடு நிறுத்தாமல் மதர்போர்டு பகுதிவரை போனேன். அந்தப் போர்டுக்கு ஐ5-3210எம் உண்டு என்று இருந்தது. வாட் இரண்டுக்கும் 35. தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள மாடலுக்கும் இல்லாத மாடலுக்கும் ஹீட் சிங்க் வேறுபடும் என்பதால் அதையும் பார்த்துக்கொண்டேன். பயாஸ் பழைய பதிப்பாக இருந்தது. அதைப் பழைய ஐ3 உள்ளே இருக்கும்போதே புதுப்பித்தோம், சார்ஜரும் செருகி, பேட்டரியும் நிரம்பிய நிலையில். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், புதிய பிராசசரை அடையாளம் தெரியாத பயாஸ் திரையையே காட்டாது; அப்புறம் பயாஸைப் புதுப்பிக்க முடியாமல் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

மாட்டி முடித்ததும் நண்பர் வேலையைத் தொடங்கப் பார்த்தார். நான் விடவில்லை. முப்பத்தைந்து நிமிடம் சும்மா இருக்கட்டும் என்றேன். அவருக்குக் காரணம் புரியவில்லை. நான் சொல்லவும் இல்லை.

லாபம் எவ்வளவு என்று கேட்பீர்கள். இருநூறு பக்கப் புத்தகத்தைப் பிடிஎஃப் ஆக்க நான்கு நிமிடம் எடுத்தது, மூன்று நிமிடத்துக்கு வந்தது. ஐ3க்கு டர்போ, அதாவது தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதி, இல்லை; 2.4 கிகாஹெர்ட்ஸோடு நிற்கும். ஐ5 தேவைப்பட்டால் 3.1 வரை ஏறும். வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டிலும் இரண்டு கோர்கள், நான்கு இழைகள். வேலை முடிந்ததும் "இதற்கா இவ்வளவு பாடு?" என்று அவர் கேட்டபோது என்னிடம் நல்ல பதில் இல்லை.

என் பழைய லேப்டாப்பில் பென்டியமே இருக்கிறது. அடுத்த மாதம் பணம் வந்ததும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி போட்டேன், ராமை 8 ஜிபி ஆக்கினேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்த விண்டோஸ் இருபத்தைந்து விநாடியில் வந்து நிற்கிறது. முந்நூறு பக்கக் கோப்பு திறக்கும் நேரத்தில் இப்போது முகம் கழுவ முடிவதில்லை. மெதுவுக்குக் காரணம் டிஸ்க். முதல் நாளே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்திருந்தால், கோப்பு திறக்கும்போது டிஸ்க் நூறு சதவீதத்தில் திணறுவதும் பிராசசர் பாதியில் சாவகாசமாக இருப்பதும் தெரிந்திருக்கும். அந்தச் சாளரத்தைத் திறக்க மூன்று பொத்தான்கள் போதும், ரிச்சி தெருவுக்குப் போக வேண்டியதில்லை.

நண்பரின் லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஐ3 என் மேசை இழுப்பறையில், கால்கள் வளையாதபடி பஞ்சு வைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிறது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்: "ஜி2 சாக்கெட். 35 வாட். எச்எம்70 போர்டுக்குக் கொடுக்காதே." கடைசி வரிக்கு அடியில் மகன் சிவப்பு மையில் கோடு இழுத்து, ஓரத்தில் "30:00" என்று எழுதியிருக்கிறான்.